கழற்றி மாட்டும் ஸ்டியரிங்: இரண்டாவதுதான் சரியாக அமைந்தது

என் கிட் காரில் (பாகங்களாக வாங்கி நாமே கூட்டிச் செய்யும் கார்) ஏறும்போதெல்லாம் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், அதற்காகவே கழற்றி மாட்டும் ஹப் (ஸ்டியரிங் சக்கரத்தை அதன் தண்டோடு இணைக்கும் பாகம்) வாங்கினேன். முதலில் வாங்கியது சிறு உலோக உருண்டைகளால் பூட்டும் பால் பேரிங் வகை, விலை குறைவு. ஒரே வாரத்தில் ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே டக் டக் என்று ஆட்டம் கொடுக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கில் ஆட்டம் என்றால் எனக்குப் பயம், உடனே கழற்றிவிட்டேன்.

அப்புறம் ஸ்ப்ளைன் வகைக்கு, அதாவது பற்கள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும் வகைக்கு மாறினேன். அருமை! பற்களில் ஒன்று மட்டும் அகலமாக இருப்பதால் இருட்டில் தடவி மாட்டினாலும் ஒரே நிலையில்தான் உட்காரும். காலரை (பூட்டைத் திறக்க இழுக்கும் வளையம்) விட்டதும் க்ளிக் என்று சத்தம் கேட்கும், ஆனாலும் ஒருமுறை என் பக்கம் பலமாக இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

வாங்கும் முன் போல்ட் அளவைப் பாருங்கள். மோமோ, ஸ்பார்கோ ஸ்டியரிங்குகளில் ஆறு போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 70 மி.மீ., நார்டியில் 74. நாலு மி.மீ. தானே என்று துளையை ராவி அகலப்படுத்தவே கூடாது. முன்சக்கரங்களை நேராக வைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

ஹப்பின் நீளத்தால் ஸ்டியரிங் நெஞ்சுக்குக் கிட்டே வந்துவிட்டது, சீட்டைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. ஹார்ன் வயருக்குத்தான் அரை நாள் போனது: ஹப்பில் மின்தொடர்பு முனை இல்லை, சுருள் வயரும் பிளக்கும் தனியாகப் போட்டேன்.