பாலசுந்தரமா, வள்ளியம்மையா?

டர்பன் தமிழர் வீட்டு அலமாரியில் காந்தியின் ஒரு நூலுக்குத்தான் இடம் என்றால், எதை வைப்பது?

‘சத்திய சோதனை’யில் நம்மவர் பாலசுந்தரம் வருகிறார். முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைய, கையில் தலைப்பாகையோடு வக்கீல் காந்தியின் முன் நின்ற ஒப்பந்தத் தொழிலாளி. சமயத் தேடலும் இதில்தான் விரிவு. உணவுச் சோதனைகள் மட்டும் எனக்கு அலுப்பு.

‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’ சட்டத்தோடு மல்லுக்கட்டிய கதை. ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்மீது விழுந்த மூன்று பவுன் வரி, நியூகாஸில் நிலக்கரித் தொழிலாளர்களின் நடைப்பயணம், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913 தீர்ப்பு. நம் பாட்டிமார் கட்டிய தாலிக்கே மதிப்பில்லை என்றார்கள்! போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து 1914இல் மறைந்த தமிழ்ப் பெண் வள்ளியம்மையும் இதில்தான் இருக்கிறாள். என் அலமாரியில் இதுதான். பாலசுந்தரத்தை நூலகத்தில் இரவல் வாங்கிக்கொள்வேன்.