ஆறு வருஷம், மூன்று கூட்ஸ் பெட்டி

நீடாமங்கலம் கேட்டில் காத்துக்கிடந்தவர்களுக்கு கூட்ஸ் வண்டி என்றாலே எரிச்சல்தான் வரும். நெல் வேகன்களை முன்னும் பின்னும் தள்ளி ஷண்டிங் முடிகிற வரை இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் வரிசைகட்டி நிற்கும். எனக்கு மட்டும் அந்த நேரம் போதாது. அந்தக் கிறுக்குதான் கொல்லையில் மாதிரி ரயில் ஓட்ட 45 மி.மீ. அகலத்தில் குட்டித் தண்டவாளம் போட வைத்தது.

என்னிடம் இருப்பவை மூன்று மாதிரிப் பெட்டிகள். இரண்டு, அமெரிக்காவின் 40 அடி மூடு வேகனான பாக்ஸ்காரின் மாதிரி. ஒன்று 1:32, அதாவது நிஜத்தில் 32இல் ஒரு பங்கு; இன்னொன்று 1:29. மூன்றாவது 1:22.5 அளவில், நாலே சக்கரம் உள்ள ஐரோப்பிய மூடு வேகன். மூன்றுமே கைமாறி வந்த பழைய பெட்டிகள். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு பழைய பெட்டியை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடுவது நியாயமில்லை.

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான்: தண்டவாளம் ஒன்றே, பெட்டியின் அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். 45ஐ 32ஆல் பெருக்கினால் 1440. நிஜ அமெரிக்கப் பாதையின் அகலமான 1435 மி.மீ.க்கு ஒட்டி வருகிறது. 29ஆல் பெருக்கினால் 1305தான். அரிஸ்டோகிராஃப்ட், யுஎஸ்ஏ டிரெயின்ஸ் போன்ற மாதிரி ரயில் கம்பெனிகள் 1:29இல் நிறையச் செய்ததால் இந்தக் குறையோடு பலரும் வாழப் பழகிவிட்டார்கள். எல்ஜிபி என்ற ஜெர்மன் கம்பெனி 1968இல் கொண்டுவந்த 1:22.5இல் கணக்கு 1012 ஆகிறது. அதாவது நம்ம மீட்டர்கேஜ்.

கணக்குப்படி நிஜ வண்டி மாதிரி தெரிவதில் 1:32தான் ஜெயிக்க வேண்டும். முதல் வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏணி, கதவுத் தாழ், கூரை மேல் நடைபலகை எல்லாம் மெல்லிசாக, அளவாக இருக்கும். ஆனால் பத்தடி தள்ளி நின்று ஓடவிட்டுப் பார்த்தால் மனசில் ஒட்டவில்லை. 1:29 பெட்டிதான் 'வருதுடா வண்டி' என்று சொல்ல வைத்தது. காரணம் பிடிபட ரொம்ப நாளானது. 1:29இல் பெட்டிக்குத் தண்டவாளம் குறுகல். பெட்டி இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். அமெரிக்கர் கண்ணுக்கு அது தப்பு. சின்ன வயசில் மீட்டர்கேஜ் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒல்லிக் காலில் நிற்கும் பருத்த பெட்டிதான் ரயில். நாகப்பட்டினம்-திருச்சி பாதையே 1861-62இல் அகலப் பாதையாக வந்து, 1870களில் மீட்டர்கேஜாகி, பிறகு மறுபடி அகலமானதுதான். எந்தக் காலத்தில் பிறந்தோமோ அந்த அகலம் கண்ணில் தங்கிவிடுகிறது போல.

ரயில்வேயில் தண்டவாளத்தை நடந்து சோதிக்கும் கீமேனாக இருந்து ரிட்டயரான பெரியப்பா வந்தபோது என் தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவர் நின்று பார்க்கவே இல்லை. துண்டை விரித்துத் தண்டவாளத்தோரம் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தார். "ஏன்டா, இதுக்கு பிரேக் ராடு எங்கடா? எப்படி நிக்கும்?" என்றார். 1:29 பெட்டியின் அடியில் ஒரு சிலிண்டர் மாதிரி மொட்டையாக ஏதோ ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். 1:32இல் ராடு, லீவர் எல்லாம் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்துத் தலையாட்டினார். நாலு சக்கர வேகனின் கொக்கியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பொம்மை மாதிரி இருக்கிறது என்று பலர் கழற்றி எறியும் கொக்கி-வளைய கப்ளிங் (பெட்டிகளைக் கோர்க்கும் இணைப்பு) அது. நடுவில் ஒற்றை பஃபர் (இடிதாங்கி), அதோடு கொக்கி என்று மீட்டர்கேஜில் பார்த்துப் பழகியவருக்கு அது அந்நியமாகப் படவில்லை. நம்ம ரயில்வேயின் இப்போதைய மூடு வேகனான பிசிஎன்னைப் போல வேண்டுமென்றால், மடக்கிய விரல்கள் கோர்ப்பது போல மாட்டிக்கொள்ளும் பாக்ஸ்காரின் நக்கிள் கப்ளிங்தான் கிட்ட வரும். ஆனால் மணல் புகுந்தால் அது திறக்காது; வாரம் ஒரு தடவை பிரஷ் போட வேண்டும்.

இரண்டு பாக்ஸ்காரையும் ஒரே வண்டியில் கோர்க்காதீர்கள். நீளத்தில் 381 மி.மீ.க்கும் 420 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் ஓடும்போது தெரியாது. கூரை ஒரு விரல் அகலம் ஏறி இறங்குவது உடனே தெரியும்.

நம்ம ஊர் மண் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அனுபவம் பாதிதான். கோடையில் களிமண் வெடிக்கும், ஐப்பசியில் ஊதும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஜல்லி கொத்திக் கெட்டிப்படுத்தியே ஆகவேண்டும். பாதை முறுக்கிக்கொண்டால் முதலில் தடம் இறங்குவது நாலு சக்கர வேகன்தான். இரண்டு முனையிலும் தனியாகத் திரும்பும் சக்கரச் சட்டம் (போகி) உள்ள பாக்ஸ்கார்கள் சமாளித்துக்கொள்ளும். எடை கூட்டலாமென்று ஒரு தடவை நிஜ நெல்லையே நிரப்பினேன். எலி கதவைக் கடித்துவிட்டது. இப்போது மணல் பொட்டலம். பிளாஸ்டிக் சக்கரத்தை மாற்றி உலோகச் சக்கரமும் போட்டேன். இந்த இரண்டும் தந்த நிஜத்தன்மையை எந்த நுணுக்க வேலைப்பாடும் தரவில்லை. ஜாயிண்டில் 'டடக்' என்று விழும் சத்தத்துக்கே அந்தச் செலவு தகும்.

பெயிண்ட் அடித்துப் பழசாக்குவது எனக்குக் கைவரவில்லை. 1:29 பெட்டியை இரண்டு கத்திரி வெயிலில் வெளியே விட்டேன்; சிவப்பு வெளுத்து, சுண்ணாம்பு பூத்தது போலாகி, யார்டில் கிடக்கும் வேகனின் நிறமே வந்துவிட்டது. கூடவே ஏணிப்படி இரண்டு நொறுங்கின. 1:32ஐ விற்றுவிட்டு இன்னொரு நாலு சக்கர வேகன் வாங்கலாமா என்று யோசனை. அந்த 1:32 பெட்டிக்குள்ளே குளவி ஒன்று மண்கூடு கட்டியிருக்கிறது. அது காலியாகட்டும், பார்க்கலாம்.