தீவு விருந்தா, பாண்டி விருந்தா?

கடலூர், பாண்டிப் பக்கத்தில் கல்யாணமான கையோடு மொரிஷியஸ் பேக்கேஜ் எடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பேக்கேஜில் ரிசார்ட்டின் பஃபே அடங்கிவிடும். கடலைப் பார்த்தபடி தனியாக இருக்கும் ஃபியூஷன், அதாவது இரண்டு நாட்டுச் சமையலைக் கலந்து போடும் ரெஸ்டாரண்ட்டுக்குத்தான் பெரும்பாலும் தனிக்காசு. அந்தக் காசைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது: பாண்டியில் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதியான ஒயிட் டவுனில் ஒரு ராத்திரியாவது உட்கார்ந்து அதே மாதிரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? பாதிப் பேர் இல்லை என்பார்கள். உள்ளூர்தானே, அங்கே என்ன புதுசாக இருக்கப்போகிறது என்ற நினைப்பு.

விமான டிக்கெட்டைக் கணக்கில் சேர்த்தால் போட்டியே கிடையாது. அதை விட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்ததிலிருந்து பில் வரும்வரை மட்டும் பார்ப்போம்.

இந்த ஒப்பீடு வலிந்து செய்வதல்ல. இரண்டு சமையலும் சொந்தக்காரர்கள். மொரிஷியஸ் 1715 முதல் 1810 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1730களில் அங்கே கவர்னராகப் போன லா போர்தொனே, போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் பாண்டிச்சேரியிலிருந்துதான் கைவினைஞர்களைக் கூட்டிப்போனார். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1834க்கு அப்புறம், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்கள் வேறு. இன்றைக்கும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. (அவர்களுடைய ரூபாய்க்கு நம் ரூபாயை விட மதிப்பு அதிகம். மெனுவில் விலையைப் பார்த்து “அட, பரவாயில்லையே” என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் தீவு. அங்கே மெனுவில் நமக்குக் கிடைக்காத சரக்கு நிஜமாகவே உண்டு. பனை வகை மரத்தை வெட்டி, அதன் உள்குருத்தை மட்டும் எடுத்துச் செய்கிற சாலட் ஒன்று. ஒரு சாலட்டுக்காகப் பல வருஷம் வளர்ந்த மரம் போகிறது என்பதால் கோடீஸ்வரன் சாலட் என்றே அதற்குப் பட்டப்பெயர். வாயில் வைத்தால் இளம் நுங்குக்கும் வெள்ளரிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. புகைபோட்ட மார்லின் மீன் நன்றாக இருக்கும். மான்கறியும் கிடைக்கும், டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மானின் வம்சம் அது. இதெல்லாம் பாண்டியில் கிடைக்காது. இந்த வரிசையில் தீவுக்கே வெற்றி.

சிக்கல் அடுத்த தட்டில் ஆரம்பிக்கிறது. ஆக்டோபஸ் குழம்பு மொரிஷியஸ் வீடுகளில் அருமையாக வைப்பார்கள். ரிசார்ட்டின் ஃபியூஷன் மேசைக்கு வரும்போது அதே ஆக்டோபஸ் நாலு துண்டாகச் சுருங்கி, மேலே நுரை, பக்கத்தில் மாங்காய்க் கூழ் ஒரு கரண்டி என்று வருகிறது. காரம் கிடையாது. ஐரோப்பியர் நாக்குக்குச் செய்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாம் எதற்காக அதற்கு அதிகக் காசு கொடுக்க வேண்டும்? ராத்திரி முழுநீள பேன்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்கிற சட்டமும் பல இடங்களில் உண்டு. கடற்கரையில் பேன்ட் போட்டுக்கொண்டு வியர்த்தபடி நுரை சாப்பிடுவது என் வரையில் விருந்தில்லை.

இப்போது பாண்டி. நம்மவர் விட்டுவிடுகிற சங்கதி நிறைய இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள், சுஃப்ரேன் தெருவில் வில்லா சாந்தி, புஸ்ஸி தெருவில் பாலே த மாஹே. பழைய வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ மேசை போட்டிருக்கும் இந்த மாதிரி ஓட்டல்களுக்கு, ஒரு தீவு ரிசார்ட்டுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. கலப்புச் சமையலை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாண்டியின் கிறிஸ்தவக் குடும்பங்களும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பங்களும் பல தலைமுறையாகச் சமைத்து வைத்திருக்கிறார்கள். பூயாபேஸ் என்கிற பிரெஞ்சு மீன் சூப் இங்கே மஞ்சள்தூள் சேர்ந்து குழம்புக்குப் பாதி வழியில் நிற்கிறது. தேங்காய்ப் பாலும் எலுமிச்சம் சாறும் சேர்த்த அசாத் குழம்பு, சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டோடு வந்த வியட்நாம் ரோல், கிறிஸ்துமஸுக்கு ரவையும் ரம்மும் போட்ட விவிக்கம் கேக் என்று பட்டியல் நீளும்.

எல்லாவற்றுக்கும் மேலே வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிச் சித்திரை வெயிலில் காயவைக்கிற அதே வடகம்தான். இதன் பிரெஞ்சு வடிவத்தை ‘வாதுவான்’ என்ற பெயரில் பாரிஸ், நியூயார்க் சமையல்காரர்கள் ஆட்டுக்கறியிலும் வெண்ணெயிலும் போட்டுப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். கடலூரில் கீரைக் குழம்பில் தாளிக்கிற சமாசாரம்! வடகம் தாளித்த மீன் ஒன்று மெனுவில் இருந்தால் யோசிக்காமல் சொல்லுங்கள்.

நேருக்கு நேர் வைத்துப் பார்க்க ஒரே உணவு இரண்டு ஊரிலும் இருக்கிறது. பூண்டும் வினிகரும் போட்டு ஊறவைக்கும் போர்த்துகீசிய இறைச்சிப் பக்குவம், பாண்டியில் பன்றிக்கறி விந்தாய் ஆனது. மொரிஷியஸில் அதையே பொரித்த மீனிலும் ஆக்டோபஸிலும் கடுகு, மஞ்சள், பச்சை மிளகாய் போட்டுச் செய்து, ஆறவைத்து ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். இதில் என் ஓட்டு தீவுக்குத்தான். அந்தக் கடுகு வாசம் நம் ஊறுகாயைத் தொட்டுவிட்டுப் போகும். ஆனால் அதை ரிசார்ட்டில் தேடாதீர்கள். அங்கே வீட்டிலேயே விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போடும் ‘தாப்ல் தோத்’ என்ற ஏற்பாடு இருக்கிறது, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ரிசார்ட் மேசைக்குப் போகிற காசில் அங்கே வயிறார உண்டுவிட்டு, மசாலா ஊறிய ரம்மும் ஒரு வாய் பார்க்கலாம்.

ரம் என்றதும் நம்மவர்களுக்கு ஒன்று: பாண்டியில் ஒயின் குடித்தால் கடலூர் எல்லையில் இருக்கும் ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்பதை மறக்காதீர்கள். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயே தங்கிவிடுங்கள்.

பாண்டியிலும் சொதப்பல் உண்டு. வார இறுதியில் சென்னை, பெங்களூர்க் கூட்டம் நிரம்பிய ஒரு ராத்திரி, பேர் சொல்ல வேண்டாம், ஓர் இடத்தில் செட்டிநாட்டு பாஸ்தா என்று ஒன்று வந்தது. வெந்த மாவின் மேல் மிளகுக் குழம்பு, அவ்வளவுதான். நிஜக் கலப்பு பானையிலேயே நடந்திருக்க வேண்டும், தட்டில் வைத்துக் கலப்பது வேறு. செவ்வாய், புதன் போனால் சமையலறைக்கும் நிதானம் இருக்கும். அப்புறம், தமிழிலேயே “தம்பி, வெளிநாட்டுக்காரங்க காரம் வேணாம், வீட்டுக் காரம் போடச் சொல்லுங்க” என்று சொல்ல முடிகிறது பாருங்கள், அந்த வசதி தீவில் கிடையாது. அங்கே பரிமாறுகிறவரின் குடும்பப் பெயர் சுத்தத் தமிழாக இருக்கும், பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில் இருக்கும்.

சைவக்காரர்களைக் கூட்டிப்போனால் நிலைமை மாறும். பாண்டி கலப்புச் சமையல் மீனையும் கறியையும் நம்பியது, காய்கறிக்கு ஒப்புக்கு ஒரு கூட்டுதான். மொரிஷியஸில் தெருவோரம் விற்கும் பருப்புப் பூரி, தமிழர் விசேஷங்களில் இலைபோட்டுப் பரிமாறும் ஏழு கறி என்று சைவத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டும் ரிசார்ட்டுக்கு வெளியே கிடைப்பவை என்பதையும் கவனியுங்கள்.

பில்லுக்கு வருவோம். மொரிஷியஸில் வாட் வரி 15 சதவீதம். இங்கே அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஓட்டலுக்குள் சாப்பிட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம், தனியாக நடக்கிற ரெஸ்டாரண்ட் என்றால் 5. ஒயிட் டவுனில் ஒரே தெருவில் இரண்டு வகையும் இருக்கும், ஆகவே உட்காருமுன் கேட்டுவிடுங்கள். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

காலமும் முக்கியம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, கடலூர் துறைமுகத்துக்குப் பெரிய மீன் வராது. மொரிஷியஸில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஆக்டோபஸ் பிடிக்கக் கூடாது. அந்த மாதங்களில் தட்டில் வருவது எங்கேயோ உறைந்து கிடந்ததாக இருக்கலாம்.

ஆகவே தேனிலவுக்குப் போகிறவர்கள் போய்வாருங்கள், ரிசார்ட் ஃபியூஷன் மேசையை மட்டும் விட்டுவிட்டு அந்தக் காசை வீட்டுச் சாப்பாட்டில் போடுங்கள். அப்பா அம்மாவின் கல்யாண நாள், ஒரு வேலை உயர்வு மாதிரிக் காரணங்களுக்குப் பாண்டியே போதும். ஜூலைக்கு அப்புறம் ஒரு புதன்கிழமை மேசை சொல்லும்போது, அன்றைக்கு என்ன மீன், வடகம் தாளிப்பது இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.