ஃப்ரீசரில் குடியிருக்கும் தொப்பி

நான் வாங்கியது கண்ணையும் சேர்த்து மூடும் ஜெல் தொப்பி. ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியது. எட்டு மாதமாகிறது. உறையில் ‘எல்லாத் தலைவலிக்கும்’ என்று போட்டிருந்தார்கள். அதுதான் பொய்.

முதல் தடவை மாட்டியது ஒரு நாள் முழுக்கக் குனிந்து மெய்ப்புத் திருத்திய பிறகு. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற வலி. இறுகிக் கிடந்த தலையைத் தொப்பி இன்னும் இறுக்கியது. பத்தே நிமிடத்தில் கழற்றி எறிந்தேன். அது சாதாரண இறுக்கத் தலைவலி. அழுத்தும், ஆனால் வாந்தி வராது. மாடிப்படி ஏறினாலும் வலி அதிகமாகாது. அதற்கு எனக்குக் கேட்பது கழுத்தில் வெந்நீரில் பிழிந்த துண்டுதான்.

மைக்ரேன் வேறு ஜாதி. எனக்கு அது இருப்பதே பல வருடம் தெரியவில்லை. ‘ஒற்றைத் தலைவலி’ என்ற பெயர்தான் ஏமாற்றியது. எனக்குப் பல முறை இரண்டு பொட்டும் சேர்ந்தே விண் விண்ணென்று தெறிக்கும். ஒற்றைப் பக்கம் இல்லையே, மூக்கும் அடைக்கிறதே, அப்படியானால் சைனஸ் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இரண்டுமே மைக்ரேனிலும் உண்டாம். மருத்துவர் துருவிக் கேட்டது வேறு: நடந்தால் கூடுகிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லையா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது? மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இழுக்கும் என்றார்.

போன மாதம் மெய்ப்பில் ‘மரம்’ என்ற சொல்லில் நடு எழுத்தைக் காணோம். பிழை என்று பேனாவை வைத்தேன். அடுத்த சொல்லிலும் நடுவில் ஓட்டை. அப்புறம் அந்த ஓட்டையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி வளைவாக ஒரு மினுமினுப்பு. ஒரு கண்ணை மூடினாலும் போகவில்லை. சரி, வருகிறது என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். இருபது நிமிடத்தில் மினுமினுப்பு விரிந்து மறைந்து வலி தொடங்கியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த, மைக்ரேனுக்கான ட்ரிப்டான் மாத்திரையைப் போட்டுவிட்டுத் தொப்பியை மாட்டினேன். கண்ணுக்குள் இருட்டு, பொட்டில் குளிர். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரை பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. இதற்காகவே இதை வைத்திருக்கிறேன்.

முன்பெல்லாம் அந்த இடைவெளியில் இன்னொரு வலி மாத்திரையைப் போடுவேன். சாதாரண வலி மாத்திரையானால் மாதத்தில் 15 நாள், ட்ரிப்டானானால் 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துவிடும். கணக்கு எழுதிப் பார்த்தபோது எனக்கு 13 நாள்!

திடீரென்று இடி விழுந்ததுபோல வலித்தாலோ, கை கால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஃப்ரீசர் பக்கமே போக வேண்டாம், நேராக மருத்துவமனை.

குறைகள் இரண்டு. அரை மணி நேரத்தில் குளிர் விட்டுவிடுகிறது. மைக்ரேன்காரருக்கு மூக்குதான் முதல் எதிரி, இதிலோ ரப்பர் வாடை, துவைத்தும் போகவில்லை. நெகிழிப் பைக்குள் போட்டு வைத்தால் கொஞ்சம் தேவலை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பின்மண்டையில் குத்தும் அந்தத் தையல் இல்லையென்றால் நாலு. தைத்தவர்கள் யாரும் மல்லாந்து படுத்துப் பார்க்கவில்லை போல.