மச்சு பிச்சுவுக்குப் பிறகு: காடா, ஏரியா?

பெருவுக்குப் போகிற எல்லோரும் பழைய இன்கா அரசின் மலைநகரமான மச்சு பிச்சுவைப் பார்ப்பார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மிச்ச நாட்களை எங்கே கொடுப்பது என்பதில்தான் வீட்டுக்குள் வாக்குவாதம் வரும். தெற்கே அரெகிப்பா, கோல்கா பள்ளத்தாக்கு, டிட்டிகாக்கா ஏரி என்று ஒரு சுற்று இருக்கிறது. கிழக்கே இறங்கினால் தம்போபட்டா, அமேசான் காடு. நாங்கள் காட்டுக்குப் போனோம். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளையும் சிலர் இதோடு சேர்க்கச் சொல்வார்கள். வேறு நாடு, கூடுதல் விமானங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் மட்டுமே 200 டாலர். அதற்குத் தனியாக ஒரு முறை போவதுதான் சரி.

தெற்குச் சுற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. கோல்கா 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கு. காலை வெயிலில் காற்று சூடேறி எழும்பும்போது, மூன்று மீட்டர் சிறகு விரித்த காண்டோர் கழுகுகள் அதில் ஏறி மிதந்து வரும். டிட்டிகாக்காவில் ஊரோஸ் மக்கள் தொத்தோரா நாணலைப் பரப்பி, அந்த மிதக்கும் தீவுகளின் மேலேயே குடியிருக்கிறார்கள். முதல் இன்கா அரசர் மான்கோ கபாக் இந்த ஏரியிலிருந்து வெளிப்பட்டார் என்பது இன்காக்களின் கதை. எனவே இன்கா தொடர்பு என்று பார்த்தால் ஏரிக்கே மதிப்பெண் கூடும். நான் அங்கே போகவில்லை. போய்வந்த உறவினர்கள் சொன்னதை வைத்துத்தான் இவ்வளவும்.

ஆனால் எங்களுக்கு முடிவைச் செய்தது உயரம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர நோய் வரலாம். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட, இரவில் எங்கே தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். தெற்குச் சுற்றில் அரெகிப்பா 2,335 மீட்டர், அதுவரை பிரச்சினையில்லை. அங்கிருந்து கோல்காவுக்குப் போகும் சாலை கிட்டத்தட்ட 4,900 மீட்டர் கணவாயைக் கடக்கிறது. கோல்காவின் சிவாய் ஊரில் தங்கினால் 3,600, டிட்டிகாக்கா கரையில் இருக்கும் பூனோவில் தங்கினால் 3,800. பூனோவிலிருந்து, மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் குஸ்கோ நகரத்துக்கு வரும் வழியில் இன்னொரு கணவாய், 4,300க்கும் மேல். இளவட்டங்கள் கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டு நடந்துவிடுவார்கள். கூட வந்தது என் அம்மா. இரவில் தலைவலியும் மூச்சுத்திணறலுமாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நிதானமாக ஏறி வருகிறவர்கள் குஸ்கோவை அடையும்போது உடம்பு பழகியிருக்கும் என்பதும் உண்மைதான். அதற்கு நிறைய நாள் வேண்டும்.

காட்டைத் தேர்ந்தெடுத்தால் வழி நெடுகப் பெரும்பாலும் இறக்கம். குஸ்கோ 3,400 மீட்டர். அங்கே விமானத்தை விட்டு இறங்கியதும் தங்காமல், காரில் நேராக ஒல்லாந்தைதம்போ போய்விட்டோம். அது 2,800. மச்சு பிச்சு 2,430தான், ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். திரும்பி வந்து குஸ்கோவில் தங்கியபோது அம்மாவுக்குப் படியேற மட்டும் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானம். காட்டின் வாசலான புவேர்ட்டோ மால்டொனாடோவில் இறங்கினால் ஏறக்குறைய 200 மீட்டர். அன்றைக்குத்தான் எல்லோரும் அடித்துப்போட்டதுபோல் தூங்கினோம்.

ஒல்லாந்தைதம்போவை மச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறும் ஊராக மட்டும் நினைத்துவிடாதீர்கள். கோயில் மேடையில் ரோஜா நிறப் பாறைகள் ஆறு, தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. அவற்றை வெட்டிய இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் இருக்கிறது. பாதி வழியில் விடப்பட்ட கற்களுக்குக் 'களைத்த கற்கள்' என்று பேர். படியேறி மேலே வந்தவர்களுக்கு அந்தப் பேரின் நியாயம் விளங்கும்.

காட்டில் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பது களிமண் கரை. விடியும் முன்பே படகில் போய்க் காத்திருக்க வேண்டும். முதலில் சின்னக் கிளிகள் மரங்களில் கூடிக் கத்தும். பிறகு பெரிய மக்காவ் கிளிகள் ஜோடி ஜோடியாக வந்து, செங்குத்தான மண்சுவரில் தொற்றிக்கொண்டு மண்ணைக் கொத்தித் தின்னும். கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் இந்தக் காட்டில் உப்புச்சத்து குறைவு, அதற்காகத்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஒரு பருந்தின் நிழல் விழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் பறந்துவிடும். அதனால் இது உத்தரவாதமில்லாத காட்சி. கோல்காவின் பள்ளத்தாக்கு எங்கேயும் பறந்துபோகாது. அந்த விஷயத்தில் தெற்குச் சுற்றே மேல். கொசுவும் புழுக்கமும் காட்டின் கணக்கில். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து திடீரென்று குளிர்காற்று வீசும், ஸ்வெட்டரைக் குஸ்கோவிலேயே மூட்டை கட்டிவிட வேண்டாம். மலை, காடு இரண்டுக்குமே மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு.

"காட்டுக்குப் போனால் ஊசி போட வேண்டுமே" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அதை வைத்து ஏரியைத் தேர்ந்தெடுக்க முடியாது. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் இந்தியப் பட்டியலில் பெருவும் இருக்கிறது. எந்தச் சுற்று போனாலும், நேராக ஊர் திரும்புகிறவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன்பே அவர்களுடைய டாக்டரிடம் பேசிவிடுங்கள்.