பெட்டியில் 1000 வாட், கரண்ட் பில்லில் எவ்வளவு?

யாழ்ப்பாணத்து வெயிலுக்கு லைட் போட்டுச் செடி வளர்ப்பதா என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் எங்கள் மாடி அறைக்கு யன்னல் வடக்குப் பக்கம், சலாதும் கொத்தமல்லியும் வெளிறி நீண்டு சரிந்துவிடும். அதனால்தான் இந்த எல்ஈடி குரோ லைட்டை வாங்கினேன்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 1000 வாட். அது உண்மையில் இழுக்கும் கரண்ட் இல்லை, பழைய சோடியம் பல்புக்கு ஈடு என்று விற்கிறவர்கள் போடும் கணக்கு. பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் பார்த்தால் 95 தான். ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் எரித்தால் 1.33 யூனிட், 30 நாளுக்கு 40 யூனிட். இந்த 40ஐ சராசரி விலையால் பெருக்காதீர்கள்! எங்கள் பில் படிமுறையில் ஏறுவது, மேலதிக யூனிட் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே நிற்கிற படியிலோ அதற்கு மேலேயோதான் விழும், நிலையான கட்டணமும் கூடலாம். மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீடு என்றால் இன்னும் மோசம், அதைத் தாண்டியதும் முதல் யூனிட்டில் இருந்தே விலை மாறிவிடும். பழைய பில்லை எடுத்து வைத்து, 40ஐக் கூட்டி, முழுப் பில்லையும் திரும்பக் கணக்குப் பாருங்கள், வித்தியாசம்தான் லைட்டின் செலவு.

செடி நன்றாகத்தான் வருகிறது, இலை தடித்து கரும்பச்சை. லைட்டுக்குள் இருக்கிற ஃபேன் மட்டும் இரவில் ஙொய் என்று இரையும். டைமர் கூட வராது, தனியாக வாங்க வேண்டும். கீரைக்குப் போதும், மிளகாய் காய்க்க வைக்க நினைத்தால் வாங்காதீர்கள், அதை முற்றத்திலேயே வையுங்கள்.