மூன்று சிட்டிங், 60 ஆயிரம் ரூபாய்

எனக்கு 57 வயது. பீரியட்ஸ் நின்று ஆறு வருஷமாகிறது. குப்பென்று வியர்ப்பதும் தூக்கம் கெடுவதும் வந்து போய்விட்டன. கீழே, பிறப்புறுப்பில், வறட்சி மட்டும் போகவில்லை. யூரின் போனால் மிளகாய் பட்ட மாதிரி காந்தும். ஸ்கூட்டியில் காந்திபுரம் வரை போய்வந்தால் அன்றைக்கு உட்கார முடியாது. வீட்டுக்காரர், பாவம் மனுஷன், ஒதுங்கிப் படுக்கப் பழகிவிட்டார்.

கோவையிலேயே ஒரு லேசர் கிளினிக் போனேன். பெயர் வேண்டாம். சோபா, ஏசி, இஞ்சி டீ, எல்லாம் பிரமாதம். டாக்டர் பார்த்தது ஐந்து நிமிஷம். மாதம் ஒன்றாக மூன்று சிட்டிங், பேக்கேஜ் 60 ஆயிரம் என்றார்கள். இதற்கு முன் என்ன மருந்து போட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஸ்கேல் மாதிரி கோடு போட்ட ஒரு குழாயை உள்ளே விட்டு, திருப்பித் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு பீப். பெரிய வலி இல்லை, வாசலருகே வந்தபோதுதான் சுரீர் என்றது. லேசாகத் தீய்ந்த வாசனை. கையைப் பிடித்துக்கொண்டே நின்ற நர்ஸ் பெண் தங்கம்.

இரண்டாவது சிட்டிங்குக்குப் பிறகு கொஞ்சம் தேவலை போல இருந்தது. மூன்றாவது முடிந்து இரண்டு மாதத்தில் பழைய எரிச்சல் திரும்பியது. போன் செய்தால், "வருஷா வருஷம் ஒரு டச்-அப் எடுத்துக்கணுங்க மேடம்." இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?

அப்புறம்தான் மகள் தேடிப் பார்த்தாள். இந்த மாதிரி சிகிச்சைக்கு இந்தக் கருவிகள் அங்கீகரிக்கப்படவில்லை, தீக்காயமும் தழும்பும் வரலாம் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்திருக்கிறது. சிட்னியில் 85 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லேசரும் மறுபாதிக்கு லேசர் வைப்பது போல வெறும் பாவனையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2021-ல் வெளியான ஆய்வு. எனக்கு நடுவில் தேவலை என்று தோன்றியதும் வெறும் நினைப்புதானோ என்னவோ.

பிரசவம் பார்த்த பழைய டாக்டரம்மாவிடமே போனேன். திட்டினார். மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா, பீரியட்ஸ் நின்ற பிறகு ரத்தம் பட்டதா என்று துருவிக் கேட்டுவிட்டு, ஈஸ்ட்ரியால் கிரீம் எழுதினார். ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன், உள்ளே போடுவது. இரண்டு வாரம் தினமும் ராத்திரி, பிறகு வாரம் இரண்டு நாள். கிளினிக்கில் கொடுத்த பணத்துக்கு இந்த டியூப் பல வருஷத்துக்கு வாங்கலாம். இரண்டாம் மாதத்தில் காந்தல் நின்றது. மறந்து விட்டுவிட்டால் திரும்ப வருகிறது, அது ஒன்றுதான் தொல்லை.

கிரீமை உள்ளே செலுத்தும் குழலை, அதான் அப்ளிகேட்டரை, கழுவி ஜன்னலோரம் காயவைத்திருந்தேன். மருமகள் பார்த்து, "என்னங்கத்தை இது?" என்றாள். மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, அந்த டியூப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்காம்.